பேஸ் இல்லாத பன்னெண்டு பாட்டு

அந்தப் பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கறீங்களாம்மா? தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மேல சந்தேகமெல்லாம் இல்ல. என் மடியில இருக்கறது மேல எதுவும் இடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆவடி வந்தா கூட்டம் ஏறும். ஞாயித்துக்கிழமைன்னுதான் பேரு, எல்லாரும் எங்கயோ போய்ட்டுத்தான் இருக்காங்க.

வீணை இல்லம்மா. ஸ்டேஷன்லயும் ஒருத்தர் அப்படித்தான் கேட்டாரு. இது கிட்டார். கிட்டார்லயும் பேஸ் கிட்டார். நாலே நாலு கம்பி. பாட்டு ஓடும்போது அடியில தும் தும்னு ஒண்ணு கூடவே நடந்து வரும் பாருங்க, அது இதுதான். பாடறவனைப் பாப்பாங்க, டிரம்ஸ் அடிக்கறவனைப் பாப்பாங்க, இதை வாசிக்கறவனை எவனும் பாக்க மாட்டான். 

வாசிக்கப் போகலை. நிச்சயமா வாசிக்கப் போகலை. எடுத்துட்டு வான்னு சொன்னான், எடுத்துட்டுப் போறேன். போன வாரம் கம்பி மாத்தினேன், அது வேற விஷயம். பழைய கம்பி துருப்பிடிச்சுப் போச்சு, எப்படியும் மாத்தணும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

யார் சொன்னதா? சொல்றேன். நீங்க எங்க இறங்கறீங்க? சென்ட்ரலா? நான் பெரம்பூர். அப்ப நேரம் இருக்கு. முதல்ல ஒண்ணு சொல்லுங்க, நீங்க பத்திரிகை, யூடியூப், அந்த மாதிரி எதுலயும் இல்லையே? துணிக்கடையா. சரி. கேட்டு வெச்சுக்கறது நல்லதுதானே.

நெவில் மாண்டேரோன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? உங்க வயசுக்குக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. ஒரு காலத்துல பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பூரா அவனைத் தெரியும். ஆங்கிலோ இந்தியன். லோகோ ஆபீஸ்ல கிளார்க்கு. கிட்டாரைத் தோள்ல மாட்டினான்னா ஆள் வேற மாதிரி ஆயிடுவான். நான் கேரேஜ் ஒர்க்ஸ்ல, ரயில் பெட்டி ரிப்பேர் பண்ற இடத்துல, ஃபிட்டர். டிரம்ஸுக்கு ஹபீப், அவன் எங்க ஒர்க்ஷாப்லயே பெயின்ட் அடிக்கற பக்கம் இருந்தான். மூணு பேரும் சேர்ந்து ஒரு பேண்டு வெச்சிருந்தோம். பேரு அவுட்டர் சிக்னல். ஸ்டேஷனுக்கு வெளிய ரயிலை நிறுத்தி வெப்பாங்களே, அந்த சிக்னல். மவுன்ட் ரோடு ஹோட்டல்காரனும் எங்களை உள்ள விடல, சினிமாக்காரனும் விடல, அதனால நெவில் வெச்ச பேரு. எங்களுக்குக் கிடைச்சது பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட், ரயில்வேக்காரங்களோட கிளப்பு. கிறிஸ்துமஸ் டான்ஸு, நியூ இயர் டான்ஸு, நடுவுல கல்யாணம். எல்லாம் இங்கிலீஷ் ராக் பாட்டு. எங்க சொந்தப் பாட்டுன்னு ஒண்ணுகூடக் கிடையாது. வெளிநாட்டுக்காரன் போட்டதை நாங்க எடுத்து வாசிப்போம், ஜனங்க ஆடும்.

அந்த நெவில் இப்போ எழுபத்துநாலு வயசுல ஒரு ஆல்பம் போட்டிருக்கான். பன்னெண்டு பாட்டு. பன்னெண்டும் நாங்க அப்ப இன்ஸ்டிட்யூட்ல வாசிச்ச அதே பழைய பாட்டு. இன்னிக்கு அஞ்சு மணிக்கு அதே இன்ஸ்டிட்யூட் ஹால்ல விழா. இதுதான் கடைசியா மேடை ஏறறதுன்னு கார்டுல போட்டிருக்கான். கடைசின்னு இதுவரைக்கும் மூணு தடவை சொல்லிட்டான், அதை விடுங்க.

அந்தப் பன்னெண்டு பாட்டுலயும் பேஸ் கிடையாதும்மா.

நல்லாக் கேட்டுக்கோங்க. ஒரு பாட்டுல இல்லன்னா மறந்துட்டான்னு சொல்லலாம். பன்னெண்டுலயும் இல்ல. அவன் கிட்டார் இருக்கு, அவன் குரல் இருக்கு, டிரம்ஸ் இருக்கு. நான் நிக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்ல. துடைச்சு எடுத்துட்டான். ஏகாம்பரம்னு ஒருத்தன் இருந்தான்னே தெரியக் கூடாதுன்னு பண்ணியிருக்கான். வேற ஒருத்தனை வெச்சு வாசிச்சிருந்தாகூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

கேட்டேம்மா. கேக்காமலா சொல்வேன்? மூணு தடவை கேட்டேன். மருமக போனைச் சாப்பாட்டு மேஜை மேல வெச்சு, ஃபேனை நிறுத்திட்டு, மூணு தடவை. பவித்ரான்னு பேரு, நல்ல பொண்ணுதான், ஆனா இந்த விஷயத்துல அவளை நம்பறதுக்கில்ல. அவ சொல்றா, போன்ல இருக்கற ஸ்பீக்கர் சின்னது மாமா, அதுல அடியில வர்ற சத்தமெல்லாம் கேக்காது, காதுல மாட்டிக் கேளுங்கன்னு. நாப்பத்தஞ்சு வருஷம் பேஸ் வாசிச்சவன்கிட்ட சொல்றா. எனக்குத் தெரியாதா எது கேக்கும் எது கேக்காதுன்னு? அந்த ஒயரையெல்லாம் நான் காதுல மாட்டறதில்ல. காது போயிடும். கீழ ஏதோ எழுதியிருக்கு, படிக்கட்டுமான்னா. வேணாம்னுட்டேன். அவன் பெருமையை அவனே எழுதியிருப்பான், அதை வேற நான் கேக்கணுமா? உடனே அவ சிரிச்சா. சரி மாமா, அங்கயே போய்த் தெரிஞ்சுக்கோங்கன்னு சொல்லிட்டு அடுப்படிப் பக்கம் போனா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல.

ஏன்னா, போன மாசம் நெவில் போன் பண்ணினப்போ முதல்ல எடுத்தது அவதான். என்கிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பேசினா. பத்து நிமிஷம் என்ன பேச்சு? அவனை அவ ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கா. அப்புறம் என்கிட்ட கொடுத்தா. பதினோரு வருஷம் கழிச்சுப் பேசறான். எப்படி இருக்க, உடம்பு எப்படி, எதுவும் இல்ல. "ஏகா, அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை, அஞ்சு மணி. பேஸை எடுத்துட்டு வா மேன்." அவ்வளவுதான். வெச்சுட்டான். என்னைப் பேசறதுக்கே விடல.

பேஸ் இல்லாத ஆல்பத்துக்கு எதுக்கு பேஸை எடுத்துட்டு வரணும்? யோசிச்சுப் பாருங்க. இதைத் தூக்கிக்கிட்டு ஹால்ல ஒரு மூலையில நான் நிக்கணும். எல்லாரும் பாக்கணும். இவர் அந்தக் காலத்துல கூட வாசிச்சவருன்னு நாலு பேர்கிட்ட காட்டி, ஒரு சால்வையைப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிடுவான். அதுக்குத்தான்.

வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரிதான் இருக்காங்க. இன்னிக்குக் காலையில கேக்காமலே சட்டைக்கு அயர்ன் போட்டு வெச்சிருக்கு. பையன் ஸ்டேஷன் வரைக்கும் வந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்து, வண்டி கிளம்பற வரைக்கும் பிளாட்ஃபாரத்துல நின்னான். நான் ஏறிட்டேனான்னு பாக்கறதுக்குத்தான். நீங்க முன்னாடி போங்கப்பா, நாங்க பின்னால வர்றோம்னு சொன்னான். பின்னால எதுக்கு வரணும்? ரயில்ல இடம் இல்லையா?

ஆவடி வந்துடுச்சு. கொஞ்சம் ஒட்டி உக்காருங்க. ஐயா, மேல சாயாதீங்க, உள்ள கிட்டார் இருக்கு.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், ஆல்பத்தோட பேரு. பேரு என்ன வெச்சிருக்கான் தெரியுமா? ஆஃப்டர் சிக்ஸ். ஆறு மணிக்கு மேல. ஒரு இங்கிலீஷ் பேப்பர்ல பெருசா எழுதியிருந்தாங்க. பையன் படிச்சு அர்த்தம் சொன்னான். பழைய பாட்டையெல்லாம் வேகத்தைக் குறைச்சு, சுருதியை இறக்கி, வயசோட கனம் தெரியற மாதிரி புதுசா பாடியிருக்காராம். ஆறு மணிக்கு மேலன்னா வாழ்க்கையோட சாயங்காலமாம். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இது என் வீட்டுக் கரண்டும்மா.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். எங்க அக்கா வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருந்தாரு. அங்கிருந்து ஒரு ஸ்பூல் மெஷின் கொண்டு வந்து எங்க வீட்டுல வெச்சாரு. ஸ்பூல்னா பெரிய சக்கரம் மாதிரி ரெண்டு, நடுவுல டேப்பு ஓடும். வர்றப்போல்லாம் அங்கயே இங்கிலீஷ் பாட்டு பதிஞ்சு எடுத்துட்டு வருவாரு. அயனாவரத்துல எங்க வீட்டுக் கூடத்துலதான் மூணு பேரும் உக்காந்து கேட்டுக் கேட்டு எடுப்போம். எப்போ? வேலை விட்டு வந்து, ஆறு மணிக்கு மேல. அப்போ அயனாவரத்துல ஆறு மணிக்கு மேல கரண்டு எப்படி இருக்கும்? தெருவே லைட்டைப் போட்டதும் பல்பு மஞ்சளா அழும். மெஷினோட மோட்டார் சோர்ந்து போயிடும். பாட்டு மெதுவா இழுத்துக்கிட்டு ஓடும், சுருதி அரைக்கட்டை இறங்கிடும். எங்களுக்கு என்ன தெரியும்? ஒரிஜினலே அப்படித்தான்னு நினைச்சோம். அப்படியே எடுத்தோம், அப்படியே வாசிச்சோம். பெரம்பூர்ல ஆயிரம் பேரு அதுக்கு ஆடியிருக்கான். அந்தப் பாட்டெல்லாம் அப்படித்தான்னு அவனும் நினைச்சுக்கிட்டான்.

ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஹார்பர்ல நின்ன ஏதோ ஒரு கப்பல்ல வேலை செய்யற வெள்ளைக்காரன் டான்ஸுக்கு வந்தான். நல்லா பாடுவேன், நான் ஒரு பாட்டு பாடறேன்னு மேடை ஏறினான். அவன் ஒரு சுருதியில எடுக்கறான், நாங்க ஒரு சுருதியில நிக்கறோம். அவன் ஓடறான், நாங்க நடக்கறோம். பாதியில நிறுத்தி, நெவில் காதுல ஏதோ சொல்லிட்டு இறங்கிப் போனான். நெவில் மறுநாள் எங்கயோ போய் நல்ல மெஷின்ல போட்டுக் கேட்டுட்டு வந்தான். வந்து தரையில உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சான். அப்புறம் சொன்னான், மாத்த வேணாம் மேன், இதுதான் நம்ம பாட்டுன்னு.

அதை முதல்ல சொன்னது நான். இல்ல, வாய் விட்டுச் சொல்லல. நினைச்சேன். நான் நினைச்சதை அவன் சொன்னான். எப்பவும் அப்படித்தான்.

அப்போ பாருங்க. சுருதி யாரோடது? என் வீட்டுக் கரண்டோடது. வேகம் யாரோடது? அதுவும் அதோடதுதான். பேருகூட என் வீட்டுல எடுத்ததுதான். என்னை மட்டும் துடைச்சு எடுத்துட்டான். பேப்பர்காரன் இதென்ன சார் புதுசான்னு கேட்டதுக்கு, இது அயனாவரத்துல ஒரு நண்பன் வீட்டுல கத்துக்கிட்டதுன்னு சொல்லியிருக்கான். ஒரு நண்பன். பேர் சொல்ல வாய் வரல பாருங்க. ஞாயித்துக்கிழமை விழாவுக்கு வாங்க, அங்க அவர் பேரைச் சொல்றேன்னு சொன்னானாம். எதுக்கு அங்க? ஏன் பேப்பர்ல சொல்லக் கூடாது?

அவன் அப்பவே அப்படித்தான். டான்ஸு முடியறப்போ மைக்ல ஒவ்வொருத்தர் பேரா சொல்வான். டிரம்ஸுல ஹபீப்னு சொல்வான். ஹபீப் உடனே ஒரு உருட்டு உருட்டுவான். ஜனங்க கை தட்டி விசில் அடிக்கும். அந்தச் சத்தத்துலதான் என் பேரு வரும். பேஸ்ல என் நண்பன் ஏகாம்பரம். எவன் காதுல விழும்? வருஷம் பூரா, ஒவ்வொரு டான்ஸுலயும் அதே வரிசை. கடைசியில சொல்றது மரியாதை மேன்னு சொன்னான் ஒரு தடவை. நம்பச் சொல்றீங்களா?

நாப்பத்தஞ்சு வருஷத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து இன்னிக்கு பேஸ் நல்லா இருந்துச்சுன்னு சொன்னதில்லம்மா. என் சம்சாரம்கூட சொன்னதில்ல. சொல்றதுக்கு அவளுக்கும் கேட்டிருக்காது. அவ போய் ஆறு வருஷம் ஆச்சு. ஏன், எனக்கே கேட்டதில்ல. மேடையில நான் டிரம்ஸை ஒட்டி நிப்பேன், என் காதுல ஹபீப் அடிக்கறதுதான் விழும். விரலுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. நான் வாசிச்சதை நான் உக்காந்து கேட்டது ஒரு நாள்கூடக் கிடையாது.

கேட்டிருக்கலாம். அதான் இந்தக் கதையோட முக்கியமான இடம். எழுபத்தெட்டு டிசம்பர்ல, கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு, எங்க அக்கா வீட்டுக்காரர் அந்த ஸ்பூல் மெஷினை இன்ஸ்டிட்யூட்டுக்கே தூக்கிட்டு வந்து ரெண்டு மணி நேரம் பதிஞ்சாரு. எங்க மூணு பேரையும் யாராவது பதிஞ்சது அது ஒண்ணுதான். வீட்டுக்குக் கொண்டு வந்தோம், அந்த வாரமே மெஷின் எரிஞ்சு போச்சு. வேற மெஷின் யார்கிட்டயும் இல்ல. ஸ்பூல் என் பீரோவுல, கல்யாணப் புடவைக்குக் கீழ, முப்பத்தஞ்சு வருஷம் இருந்துச்சு. 

அதை நெவில் எடுத்துட்டுப் போனான்.

ஹபீப் தவறி நாப்பதாம் நாள் அவன் வீட்டுக்குப் போய்ட்டு ரெண்டு பேரும் எங்க வீட்டுக்கு வந்தோம். நெவில் குழந்தை மாதிரி அழுதான். ஹபீபை ஒரு தடவை கேக்கணும் மேன், அந்த ஸ்பூலைக் கொடுன்னான். நானும் அழுதுக்கிட்டிருந்தேன், எடுத்துக் கொடுத்துட்டேன். மூணு மாசம் பாத்தேன். வரல. போன் பண்ணிக் கேட்டா, டேப்புல பூஞ்சை பிடிச்சிருக்கு, சுத்தம் பண்ணக் கொடுத்திருக்கேன்னான். ஒரு வருஷம் கழிச்சுக் கேட்டா, பம்பாய்க்கு அனுப்பியிருக்கேன்னான். டேப்புக்கு எதுக்கும்மா பம்பாய்? எனக்குப் புரிஞ்சு போச்சு. தொலைச்சுட்டான், இல்ல வித்துட்டான். அன்னியில இருந்து பேசறதில்ல. கிறிஸ்துமஸுக்கு கேக்கு அனுப்புவான் வருஷா வருஷம். வாங்கி வெப்பாங்க. நான் தொட மாட்டேன். ஒரு துண்டு ரெண்டு துண்டு, வீணாகக் கூடாதேன்னு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுக்கே வந்தான். நான் உள் ரூமுல கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இல்லன்னு சொல்லச் சொன்னேன். பவித்ராகிட்ட அவன் சொன்னது கேட்டுச்சு. கிடைச்சிடுச்சுன்னு சொல்லும்மா, ரெண்டு மணி நேரமும் கிடைச்சிடுச்சுன்னு சொல்லும்மான்னு. எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரல்ல. என்ன கிடைச்சிருக்கும்? வேற பேஸ்காரன் கிடைச்சிருப்பான். ரெண்டு மணி நேரம் வாசிக்கறவனா பாத்துப் பிடிச்சிருப்பான். அப்புறம் அவனோடயும் சண்டை போட்டுத் துரத்திட்டான் போல, அதான் ஆல்பத்துல அவனும் இல்ல.

அம்பத்தூர். இன்னும் நாலஞ்சு ஸ்டேஷன்.

இன்னொரு அக்கிரமத்தைச் சொல்றேன் கேளுங்க. டிரம்ஸு. ஹபீபுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டு முடிஞ்சு எல்லாரும் நிறுத்தினப்புறம் ஒரு அடி சேத்து அடிப்பான். ஏன்டா இப்படிப் பண்றேன்னு கேட்டா, கதவைச் சாத்த வேணாமாம்பான். இந்த ஆல்பத்துல எவனோ ஒருத்தன் அப்படியே அடிக்கறான். பன்னெண்டு பாட்டு முடிவுலயும் அதே ஒரு அடி. நெவில் யாருக்கோ உக்காந்து சொல்லிக் கொடுத்திருக்கான். செத்துப் போனவனோட கையை எடுத்து இன்னொருத்தனுக்கு மாட்டற மாதிரி இல்ல? அதைக் கேட்டன்னிக்கு நான் சாப்பிடல.

அதனால இன்னிக்கு ஒரு முடிவோடதான் போறேன். வேடிக்கை பாக்கப் போகல. சட்டைப் பையில ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்கேன். அவன் சால்வையை எடுத்துட்டு வருவான்ல, அப்போ மைக்கை வாங்கிப் படிச்சுடுவேன். எழுபத்தெட்டு டிசம்பர்ல பதிஞ்ச ஸ்பூல் எங்கே, பன்னெண்டு பாட்டுல பேஸ் எங்கே, ஹபீபோட அடியைத் திருட உனக்கு யார் உரிமை கொடுத்தது. மூணு கேள்வி. படிச்சுட்டு இறங்கி வந்துடுவேன். அதோட எங்க ரெண்டு பேருக்கும் தீர்ந்துது. இருக்கறது ரெண்டு பேர்தான், அதுவும் தனித்தனியா ஆயிடும். ஆகட்டும். 

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் சொன்னதுல எதாவது தப்பு இருக்கா?

வேணாம்மா. அந்த ஒயரெல்லாம் வேணாம். நீங்க வேணா கேளுங்க. ஆமா, அதுவும் நல்லதுதான். நாளைக்கு யாராவது இந்தக் கிழவன் புளுகறான்னு சொன்னா, ரயில்ல ஒரு அம்மா கேட்டாங்க, அவங்களும் இல்லன்னு சொன்னாங்கன்னு சொல்லலாம். உங்களுக்கு என்னையும் தெரியாது, அவனையும் தெரியாது. உங்களை மாதிரி ஒரு சாட்சிதான் வேணும். தேடுங்க. நெவில் மாண்டேரோ, ஆஃப்டர் சிக்ஸ். வருதா? வரும், எல்லா இடத்துலயும் போட்டு வெச்சிருக்கான். நாலாவது பாட்டைப் போடுங்க. இங்கிலீஷ்ல என்னவோ பேரு, நாங்க ரயில் பாட்டும்போம். அதுலதான் பேஸுக்கு வேலை அதிகம். அதுல இல்லன்னா எதுலயும் இல்ல.

கேளுங்க. நிதானமாக் கேளுங்க. கொரட்டூர் வரைக்கும் நேரம் இருக்கு.

என்னம்மா?

இருக்கா? என்ன இருக்கு? தும் தும்னு வருதா? அது கிட்டாரா இருக்கும். கிட்டார்லயே கீழ்க் கம்பியை வாசிச்சிருப்பான். இல்லையா? தனியா கேக்குதா? உங்களுக்கு இதுல பழக்கம் இல்லம்மா, அதான். கொடுங்க இப்படி. எந்தக் காதுல எது? ஏதாவது ஒண்ணா. சரி. சத்தத்தைக் குறைச்சு வைங்க.

ம்.

...

ம். இருக்கு.

இருங்க. பேசாதீங்க.

...

யார்மா இவன்?

வில்லிவாக்கமா? போகட்டும். இல்ல, கழட்ட வேணாம். இன்னொரு தடவை முதல்ல இருந்து போடுங்க. 

பாருங்க, இந்த இடத்துல எல்லாரும் ஓடி ஓடி வாசிப்பாங்க. இவன் ஓடல. நெவில் பாடி முடிக்கற வரைக்கும் நிக்கறான். நின்னுட்டு, அவன் மூச்சு விடற இடத்துல ரெண்டே சுரம் வெச்சுட்டு ஒதுங்கிக்கறான். பாடறவனைத் தாங்கிப் பிடிக்கறான். இவன் இல்லன்னா அந்தக் குரல் கீழ விழுந்திருக்கும். இந்த மாதிரி விட்டுக் கொடுத்து வாசிக்கறவன் மெட்ராஸ்ல எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல. சின்னப் பையனா இருப்பான். கையில சோர்வே இல்ல பாருங்க.

சரிதாம்மா. இப்போ புரியுது. நான் சொன்னது தப்பு, பேஸ் இருக்கு. நல்ல பேஸே இருக்கு. இவனை வெச்சுக்கிட்டு அவன் எதுக்கு என்னைக் கூப்பிடணும்? நானா இருந்தாலும் இவனைத்தான் கூப்பிடுவேன். நான் இவனுக்குப் பக்கத்துல நிக்க முடியாது. கஷ்டமாத்தான் இருக்கு. இருந்தாலும் உள்ளதைச் சொல்லணும்ல. இத்தனை வருஷம் வாசிச்சிருக்கேன், நல்லது எதுன்னு எனக்குத் தெரியும்.

கேரேஜ் ஒர்க்ஸ். முப்பத்தாறு வருஷம் இங்கதான் வேலை பாத்தேன்.

அந்தப் பையன் பேரு போட்டிருக்கா பாருங்களேன். கீழ எழுதியிருக்குன்னு மருமக சொன்னாளே. அவனைப் பாத்து ஒரு வார்த்தை நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வந்துடறேன். யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. பேஸ் வாசிக்கறவன்கிட்ட யாரும் சொல்ல மாட்டாங்க. படிங்க.

என்ன?

திரும்பப் படிங்க. மெதுவா.

பேஸ், ஏகாம்பரம். டிரம்ஸ், ஹபீப். இன்ஸ்டிட்யூட் கிறிஸ்துமஸ் டான்ஸ், எழுபத்தெட்டு டிசம்பர். பழைய டேப்பைச் சுத்தம் பண்ணி எடுத்தது. அப்புறம்? அந்த டேப்புல இருந்த என் பழைய குரலையும் கிட்டாரையும் எடுத்துட்டு, அவங்க ரெண்டு பேரும் வாசிச்சதை அப்படியே வெச்சுக்கிட்டு, அதுக்கு மேல நான் இப்போ உக்காந்து பாடியிருக்கேன். அவங்க எனக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க. நெவில்.

விளையாடாதீங்கம்மா. நான் சொன்ன கதையை வெச்சு நீங்களே சொல்றீங்க. காட்டுங்க. கண்ணாடி எடுத்துட்டு வரல. என் பேரு தெரியுது, ஏ-னு ஆரம்பிக்குது, அது தெரியுது.

அப்ப ஹபீப், ஹபீபேதானா? அவன் கையேதானா அது?

ஆனா இது நான் இல்லம்மா. பேரை எதுக்கு வேணாலும் போடலாம். என் வாயை அடைக்கறதுக்குப் போட்டிருப்பான். நான் இவ்வளவு நல்லா வாசிச்சதே இல்ல. எனக்குத் தெரியாதா நான் எப்படி வாசிச்சேன்னு? நான் ஏதோ கூட நின்னு தட்டிக்கிட்டிருந்தவன். இவன் வாசிக்கறான். நான் இவ்வளவு நல்லா வாசிச்சிருந்தா யாராவது ஒருத்தராவது சொல்லியிருக்க மாட்டாங்களா? ஒருத்தராவது? 

அழலம்மா. ஜன்னல் பக்கம் காத்து.

பெரம்பூரா இது? இறங்கலாம், இறங்கலாம். இல்ல, நிக்கறதுக்குள்ள இதைத் தூக்கிக்கிட்டு அந்தக் கூட்டத்துல போக முடியாது. போகட்டும். வியாசர்பாடியில இறங்கி அடுத்த வண்டியில திரும்பி வந்துடறேன். அஞ்சு மணி ஆனா ஆகட்டும். நெவில் நிப்பான். நான் வராம ஆரம்பிக்க மாட்டான்.

ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லுங்க, கோபப்பட மாட்டேன். உங்களை அவன் அனுப்பினானா? இந்த வண்டியில, இந்த சீட்டுல, இந்த ஒயரோட? என் மருமக சொன்னாளா? இல்லையா. சத்தியமா இல்லையா.

அனுப்பியிருந்தாலும் பரவால்லம்மா. இன்னொரு தடவை போடுங்க.